மோர்டோ இல்லாமல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இல்லை

கேள்வி இதுதான்: “டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் திரைப்படங்களைப் பார்த்த பிறகு 1963-இல் வந்த மூலச் சித்திரக்கதைகளைத் தேடி எடுத்தேன். மோர்டோ வரும் முதல் கதை ஐந்தே பக்கம். ஒரு நல்ல மந்திரவாதி, ஒரு கெட்ட மந்திரவாதி, ஒரு சண்டை, அவ்வளவுதான். இதையா அறுபது ஆண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள்? என் கண்ணுக்குப் படாத ஏதாவது இதில் இருக்கிறதா?”

அந்த ஐந்து பக்கங்களை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் உங்களுக்குத் தோன்றியதுதான் யாருக்கும் தோன்றும். அதை வெளியிட்டவர்களுக்கே அப்போது பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. 1963 ஜனவரியில் மார்வெல் நிறுவனத்தின் ஆசிரியரும் கதாசிரியருமான ஸ்டான் லீ, காமிக்ஸ் ரசிகர்களில் முன்னோடியான ஜெரி பெய்ல்ஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. புதிதாக ஒரு பாத்திரம் வருகிறது, பக்கம் நிரப்ப ஐந்து பக்கம்தான், முதல் கதை ஒன்றும் பிரமாதமில்லை, யோசனை ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுடையது, ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன் என்கிற தோரணையில் எழுதியிருக்கிறார். யாருடைய கற்பனை என்ற வழக்கில் இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது. பிற்காலத்தில் மார்வெல் பாத்திரங்களின் பிறப்பைப் பற்றி எத்தனையோ சச்சரவுகள் எழுந்தன. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் விஷயத்தில் மட்டும் லீயின் கையெழுத்தே டிட்கோவின் பக்கம் நிற்கிறது.

கதை வெளிவந்த இடத்தையும் பாருங்கள். ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ 1951-இல் திகில் கதை இதழாகத் தொடங்கியது. 1954-இல் அமெரிக்க காமிக்ஸ் துறை தனக்குத் தானே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்ட பிறகு திகிலுக்கு இடமில்லாமல் போய், ராட்சத மிருகங்களும் வேற்றுக்கிரகவாசிகளும் அந்தப் பக்கங்களை நிரப்பினார்கள். 1963-இல் அதன் நாயகன் ஹியூமன் டார்ச் என்ற தீ இளைஞன். அப்போது மார்வெலின் விநியோகம் போட்டி நிறுவனத்தோடு சேர்ந்த ஒரு விநியோகஸ்தரின் கையில் இருந்தது. மாதத்துக்கு எட்டு இதழ்களுக்குமேல் வெளியிட இடம் தரவில்லை. அதனால் புதிய பாத்திரங்களை ஒரே இதழுக்குள் இரண்டிரண்டாக அடைக்க வேண்டியிருந்தது. 110-ஆம் இதழின் கடைசியில், 12 சென்ட் விலையுள்ள அந்தப் புத்தகத்தின் அட்டையில் பெயர்கூட இல்லாமல், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் அறிமுகமானார்.

110-இல் மோர்டோ இல்லை. தூக்கத்தில் துர்க்கனவு வாட்டுகிறது என்று ஒருவர் வந்து உதவி கேட்கிறார். ஸ்ட்ரேஞ்ச் அவருடைய கனவுக்குள் நுழைகிறார், வந்தவர் தொழிலில் ஒருவரை ஏமாற்றிய குற்றவாளி என்பது வெளியே வருகிறது. பழைய திகில் இதழ்களில் வந்திருக்கக்கூடிய நல்ல குட்டிக்கதைதான். ஆனால் இதே அச்சில் எத்தனை கதை எழுத முடியும்? மாதம் ஒரு பாவி கதவைத் தட்டுவார், ஸ்ட்ரேஞ்ச் அவருடைய பாவத்தைக் கண்டுபிடிப்பார். நாயகனுக்கு அங்கே வேலை இருக்கிறது, வாழ்க்கை இல்லை. யாரை நேசிக்கிறார், எதற்கு அஞ்சுகிறார், எதை இழக்கக்கூடும் என்பதெல்லாம் வாசகனுக்குத் தெரிய வழியே இல்லை.

அடுத்த மாதம், 1963 ஆகஸ்ட் தேதியிட்ட 111-ஆம் இதழில், பாரன் மோர்டோ நுழைகிறான். உங்களுக்கு ஏமாற்றம் தந்த கதை இதுதான். மோர்டோ தன் உடலை ஓர் அறையில் விட்டுவிட்டுச் சூட்சும உருவில் கிளம்பி, வயோதிக குருவின் ஆசிரமத்துக்குப் போகிறான். குருவுக்கு உணவு எடுத்துச் செல்லும் பணியாளனின் மனத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் கையாலேயே உணவில் நஞ்சு கலக்கிறான். சாகும் முன் வித்தையின் ரகசியங்களைச் சொல்லிவிடு என்று மிரட்டுகிறான். நியூயார்க்கில் இருக்கும் ஸ்ட்ரேஞ்சுக்கு ஏதோ தவறு நடந்திருப்பது தெரிகிறது, அவரும் உடலை விட்டுப் புறப்படுகிறார். இரண்டு சூட்சும உருவங்களும் மோதிக்கொள்கின்றன. பலத்தால் வெல்ல முடியாத ஸ்ட்ரேஞ்ச் தந்திரத்தால் வெல்கிறார்.

நீங்கள் சாதாரணமாகக் கடந்துபோன ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திப் பாருங்கள். மோர்டோவும் இதே குருவின் மாணவன். ஸ்ட்ரேஞ்சுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரியும். 110-இல் ஸ்ட்ரேஞ்சின் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்த பட்டமே ‘சூனிய வித்தையில் வல்லவர்’ என்பதுதான். ஆகவே ஒருவன் வெள்ளை மந்திரக்காரன், மற்றவன் கறுப்பு மந்திரக்காரன் என்ற வசதியான பிரிவினை அங்கே கிடையாது. இருவரும் ஒருசாலை மாணாக்கர். கற்ற வித்தை ஒன்று, கற்றுக்கொடுத்த வாய் ஒன்று. இந்த ஒரே ஓர் ஏற்பாட்டால், ஐந்து பக்கத் துணுக்காக வந்தது தொடர்கதையாக மாறுகிறது. ஸ்ட்ரேஞ்சுக்கு ஒரு கடந்தகாலம் வந்துவிட்டது, காப்பாற்ற ஒருவர் வந்துவிட்டார், தன்னை அளந்துபார்த்துக்கொள்ள ஒரு எதிராளியும் வந்துவிட்டான்.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். டிட்கோவை ரசிக்க வேண்டுமென்றால் கைகளைப் பார்க்க வேண்டும். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அதுவரை சண்டை என்றால் முஷ்டி. மார்வெலின் இன்னொரு ஓவியரான ஜாக் கிர்பி வரைந்த முஷ்டி கட்டத்தைக் கிழித்துக்கொண்டு வாசகனின் முகத்துக்கு நேராக வரும். டிட்கோவின் மந்திரவாதிகள் கையை மடக்குவதில்லை, விரிக்கிறார்கள். சுட்டுவிரலும் சுண்டுவிரலும் விறைத்து நீள, நடு இரு விரல்கள் உள்ளே மடங்க, மணிக்கட்டு ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அதே ஓவியர் அதே ஆண்டுகளில் வரைந்த ஸ்பைடர்-மேன் வலை வீசும்போதும் விரல்கள் ஏறக்குறைய இப்படித்தான் நிற்கும். ஸ்ட்ரேஞ்சின் ஒவ்வொரு மந்திரத்துக்கும் விரல்களின் ஒரு தனி அமைப்பு உண்டு. வசனத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலே, இது தாக்கும் கை, இது தடுக்கும் கை, இது சோர்ந்துபோன கை என்று சொல்லிவிட முடியும். மோர்டோவின் விரல்கள் கொக்கிபோல் வளைந்து எதையோ பிடுங்கவே நீளும். குணத்தை முகத்தில் வரைவது பல ஓவியர்களுக்கு வரும். விரல் நுனியில் வரைய இவரால் முடிந்தது.

நம்மில் பலருக்கு மந்திரவாதி நாயகன் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் மாண்ட்ரேக். முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழில் வளர்ந்த வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1934-இல் லீ பாக் உருவாக்கிய மாண்ட்ரேக்கும் கையசைவால்தான் வேலையை முடிப்பார். ஆனால் அது மனோவசியம். துப்பாக்கி பாம்பாக மாறியதாக எதிரி நம்புவான், உண்மையில் துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கும். அங்கே உலகம் மாறுவதில்லை, பார்வைதான் மாறுகிறது. டிட்கோ உலகத்தையே மாற்றி வரைந்தார். தரையில்லாத வெளியில் வளைந்து தொங்கும் பாதைகள், எங்கோ திறக்கும் வாய்கள், காற்றில் நிற்கும் கதவுகள். அந்த வெளியில் இருவர் மந்திரத்தால் மோதுவதைக் காட்டுவதற்கு அவருக்கு முன்மாதிரி என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

112, 113 இதழ்களில் ஸ்ட்ரேஞ்ச் வரவில்லை. 114-இல் திரும்பும்போது எதிரி மறுபடியும் மோர்டோதான். சர் கிளைவ் பென்ட்லி என்பவராக வேடமிட்டு ஸ்ட்ரேஞ்சை லண்டனுக்கு வரவழைத்து, உடலை முடக்கும் புகையில் சிக்கவைக்கிறான். சுமாரான கதை, வேகமாகக் கடந்துவிடலாம். அதற்கடுத்த 115-ஆம் இதழைத்தான் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1963 டிசம்பர் தேதியிட்டது, எட்டுப் பக்கம். ஸ்ட்ரேஞ்ச் எப்படி மந்திரவாதி ஆனார் என்பதை அப்போதுதான் சொல்கிறார்கள்.

திரைப்படத்தால் உங்களுக்கு முன்பாதி தெரியும். கெட்டிக்கார அறுவைசிகிச்சை நிபுணர், பணத்தாசை, அகந்தை, கார் விபத்து, கை நரம்புகள் சேதம். வேறொருவருக்கு உதவியாளராக இருக்க மனம் வராமல் அலைந்து சீரழிகிறார். துறைமுகப் பக்கம் யாரோ பேசிக்கொள்வதைக் கேட்டு, எதையும் குணப்படுத்தும் கிழவரைத் தேடிப் போகிறார். குரு கையைக் குணப்படுத்த மறுக்கிறார், வேண்டுமானால் என்னிடம் படி என்கிறார். ஸ்ட்ரேஞ்ச் அதை ஏளனமாகத் தள்ளிவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார், பனி வழியை மூடிவிடுகிறது. இதுவரை நீங்கள் அறிந்த கதைதான்.

பின்பாதியில்தான் மூலக்கதை தன் உயிரைக் காட்டுகிறது. அங்கே தங்கியிருக்கும்போது, குருவின் மூத்த மாணவன் மோர்டோ குருவைக் கொல்ல ரகசியமாக மந்திரம் ஏவுவதை ஸ்ட்ரேஞ்ச் பார்த்துவிடுகிறார். பார்த்துவிட்டான் என்று தெரிந்த மோர்டோ ஒரு கட்டு மந்திரம் போடுகிறான். இனி ஸ்ட்ரேஞ்சால் சாதாரணமாகப் பேச முடியும், நடமாட முடியும். அந்தச் சதியைப் பற்றி வாய்திறந்தால் மட்டும் சொல் வராது. கண்ணெதிரே ஒரு கிழவர் சாகப்போகிறார், எச்சரிக்க வழியில்லை.

அந்த நிலையில் ஸ்ட்ரேஞ்ச் என்ன செய்கிறார் என்பதில்தான் முழுக் கதையும் நிற்கிறது. ஊருக்கு ஓடிவிடலாம், இது என் பிரச்சினை இல்லை என்று இருந்துவிடலாம். அதுவரை அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு அதுதான் பொருத்தம். மந்திரத்தை மந்திரத்தால் மட்டுமே எதிர்க்க முடியும் என்று புரிந்துகொண்டு குருவிடம் போய், என்னை மாணவனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். கையைக் குணப்படுத்திக் கொடுங்கள் என்று இப்போது கேட்கவில்லை. தன் கைகளுக்காக உலகத்தைச் சுற்றி வந்தவர், அந்தக் கைகளை மறந்துபோகும் இடம் அது. கத்தியைப் பிடிக்க முடியாத அதே விரல்களைத்தான் டிட்கோ பிறகு மந்திர முத்திரைகளாகப் பக்கம் பக்கமாக வரைந்தார். 111-இல் நீங்கள் பார்த்த கைகளுக்கு 115-ஐப் படித்த பிறகு எடை கூடிவிடுகிறது.

அதாவது ஸ்ட்ரேஞ்சை மந்திரவாதியாக்கியது விபத்தோ குருவோ மட்டுமல்ல. மோர்டோவின் துரோகத்தைப் பார்த்திராவிட்டால் பனி உருகியதும் அவர் கிளம்பியிருப்பார். 2016-இல் வந்த திரைப்படம் மோர்டோவைத் தோழனாக்கி, கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோகிறவனாகக் காட்டியது. நன்றாகத்தான் செய்திருந்தார்கள், சிவெட்டெல் எஜியோஃபோரின் நடிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த மாற்றத்தில் இந்தக் காரண முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

குருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ட்ரேஞ்ச் சிஷ்யனான பிறகு குரு சொல்கிறார்: மோர்டோவின் எண்ணம் எனக்கு முதலிலிருந்தே தெரியும், அவன் என் கண்பார்வையில் இருப்பதே நல்லது. இதைப் படித்தபோது குரு மீது எனக்கு மரியாதையோடு கோபமும் வந்தது. தெரிந்தே ஒரு விஷச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிய மனிதர்! ஸ்ட்ரேஞ்சை அந்தத் தவிப்பில் விட்டுச் சோதித்தாரா என்ற கேள்வியை எட்டுப் பக்கக் கதை திறந்தே விட்டுவிடுகிறது. லீயும் டிட்கோவும் அதை விளக்க முயலாததை நான் பெரிய பலமாகவே நினைக்கிறேன்.

நடுவில் வரும் மோர்டோ கதைகளில் 121-ஆம் இதழை விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரேஞ்ச் சூட்சும உருவில் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து மோர்டோ அவருடைய உடலைத் திருடி, மெழுகுப் பொம்மைகள் வைத்திருக்கும் காட்சிசாலையில் ஒளித்துவிடுகிறான். குறித்த நேரத்துக்குள் உடலுக்குத் திரும்பாவிட்டால் சாவு. மூலன் என்ற இடையனின் உடலுக்குள் புகுந்து பசுக்களைத் தேற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது தன் உடலைக் காணாமல் நின்ற திருமூலரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்தத் தவிப்பு சட்டென்று பிடிபடும். கூடுவிட்டுக் கூடு பாய்கிறவனுக்குப் பெரிய ஆபத்து விட்டுவந்த கூட்டில்தான் இருக்கிறது என்பதை டிட்கோ மிக அழகாகப் பயன்படுத்திக்கொண்டார்.

குறைகளும் கணிசமாக உண்டு. ஆசியா என்றால் பனிமலை, பேசாத பணியாள், சகலமும் அறிந்த கிழவர் என்ற மேற்கத்தியப் பழக்கத்தை இந்தக் கதைகள் கேள்வியே இல்லாமல் எடுத்துக்கொண்டன. ஆசியாவின் ஞானம் அமெரிக்கர் ஒருவரின் கைக்கு வந்த பிறகே உலகத்துக்குப் பயன்படுகிறது என்ற நினைப்பு அடியில் ஓடுகிறது. நியூயார்க் வீட்டில் இருக்கும் பணியாளுக்கு ஆரம்பத்தில் பெயர்கூட இல்லை, வோங் என்ற பெயர் பிறகுதான் வந்தது. பிறகு வரும் டொர்மாமு என்ற எதிரியின் உலகில் ஸ்ட்ரேஞ்சுக்கு உதவி, அதற்காகத் துன்பப்படும் பெண்ணுக்கும் இதே கதிதான். அவள் கிளியா என்று தெரிய வாசகர்கள் 146-ஆம் இதழ்வரை காத்திருந்தார்கள். மோர்டோவுக்கும் பேராசையைத் தவிர வேறு உள்ளம் கொடுக்கப்படவில்லை. அவன் ஏன் அந்த மலையேறிப் படிக்க வந்தான் என்பதை இந்த ஆரம்பக் கதைகள் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற குறை.

ஆனால் அந்த வெறுமையையே டிட்கோ 1965-இல் ஒரு பெரிய கதைக்கு அடித்தளமாக்கினார். 130-ஆம் இதழில் தொடங்கி 146-இல் முடியும் பதினேழு இதழ்த் தொடர் அது. சொந்தப் பலத்தால் ஸ்ட்ரேஞ்சை வெல்ல முடியாத மோர்டோ, இருள் உலகத்தின் அதிபதியான டொர்மாமுவிடம் சக்தியைக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறான். குரு நினைவிழந்து கிடக்கிறார். ஸ்ட்ரேஞ்ச் தோற்று ஓடுகிறார், ஹாங்காங்கில் சாதாரண உடையில் ஒளிந்து திரிகிறார். சூப்பர்ஹீரோ ஒருவர் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பது அந்தக் காலத்தில் அபூர்வம். தொடரின் நடுவிலிருந்து கதையமைப்பு டிட்கோவுடையது என்று இதழிலேயே அச்சிட்டார்கள்.

இதில் இரண்டு காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். 140-இல் டொர்மாமுவும் ஸ்ட்ரேஞ்சும் மந்திரமில்லாமல், கையில் மாட்டிய கொடுக்குகளோடு நேருக்கு நேர் மோதுகிறார்கள். ஸ்ட்ரேஞ்சின் கை ஓங்கும்போது மோர்டோ பின்னாலிருந்து தாக்குகிறான். அதற்கு டொர்மாமுவே அவன்மீது சீறுகிறான். அரக்கனுக்கு இருக்கும் ரோஷம்கூட ஒருசாலை மாணாக்கனுக்கு இல்லை என்று ஒரே கட்டத்தில் தெரிந்துவிடுகிறது. இன்னொன்று 142, 143 இதழ்களில் வருவது. மோர்டோவின் அடியாட்கள் ஸ்ட்ரேஞ்சைப் பிடித்து, முகத்தில் இரும்பு முகமூடி பூட்டி, கைகளையும் விரல் அசையாதபடி அடைத்துவிடுகிறார்கள். கண் தெரியாது, வாய் திறக்காது, முத்திரை பிடிக்க விரல் இல்லை. 115-இல் மோர்டோ வாயைக் கட்டினான், இப்போது அவனுடைய ஆட்கள் கையையும் கட்டுகிறார்கள். அந்தக் கட்டிலிருந்து அவர் எப்படி வெளியே வருகிறார் என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வசனங்களில் லீயின் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹாகத், விஷாந்தி, சிட்டோராக் என்று அவர் அடுக்கிய பெயர்களுக்கு ஆரம்பத்தில் பொருளே கிடையாது, ஓசைக்காக வைத்தவை. மோனை தட்டும் அந்த உச்சாடனங்களை வாய்விட்டுப் படித்தால்தான் அவற்றின் சுகம் தெரியும். படம் டிட்கோவின் ஒழுங்கு, ஓசை லீயின் உற்சாகம்.

1960-களின் அமெரிக்க இளைஞர்கள் இந்தப் பக்கங்களைப் பார்த்து, வரைந்தவரும் தங்களைப் போலவே போதை மருந்து உலகத்தில் திளைப்பவர் என்று நினைத்ததுண்டு. 1965 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு ராக் நடன நிகழ்ச்சிக்கு டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் பெயரையே வைத்தார்கள். டிட்கோவோ பகுத்தறிவையும் தனிமனித உரிமையையும் வலியுறுத்திய எழுத்தாளர் அய்ன் ராண்டின் தத்துவத்தில் ஊன்றியவர், பேட்டிகளைத் தவிர்த்தவர், கறாரான உழைப்பாளி. அந்த விநோத உலகங்கள் ஒவ்வொன்றும் தெளிந்த மனத்தோடு மேசையில் உட்கார்ந்து கோடு கோடாகக் கட்டியவை. 1966 ஜூலை தேதியிட்ட 146-ஆம் இதழோடு அவர் இந்தப் பாத்திரத்தை விட்டு விலகினார். ஸ்பைடர்-மேனையும் அதே மாதத்து இதழோடு விட்டுவிட்டார்.

எனவே 111-ஐ மட்டும் தனியே படித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 110, 111, 114, 115 நான்கையும் ஒரே அமர்வில் படியுங்கள், மொத்தம் முப்பது பக்கம்கூட வராது. 115-ஐ முடித்த கையோடு 111-க்குத் திரும்பிப் போய், பணியாளன் உணவைக் கொண்டுவரும் கட்டங்களை மறுபடி பாருங்கள். அந்தக் கிழவர் எதையெல்லாம் தெரிந்தே விட்டுவைத்தார் என்ற எண்ணத்தோடு படிக்கும்போது அது வேறு கதையாக இருக்கும். அதன் பிறகு 121. டொர்மாமு அறிமுகமாகும் 126, 127 இரண்டும் அடுத்து. பிறகு 130 முதல் 146 வரை இடைவெளி விடாமல் படியுங்கள், இதழ் ஒன்றுக்குப் பத்துப் பக்கம்தான்.